அமெரிக்காவில் வாழும் குவாத்தமாலா மக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கச் செய்திகளில் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் பெயர் அடிபடுவது பெரும்பாலும் எல்லைச் சுவரையோ நாடுகடத்தல் விமானத்தையோ ஒட்டித்தான். இந்த மக்கள் யார், எப்போது வந்தார்கள், வந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

அமெரிக்காவில் எத்தனை குவாத்தமாலா மக்கள் இருக்கிறார்கள்?

பியூ ஆய்வு மையத்தின் 2021 கணக்குப்படி சுமார் 18 லட்சம். அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளும் இதில் அடக்கம். கலிஃபோர்னியாவில்தான் அதிகம் பேர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வெஸ்ட்லேக், பிகோ யூனியன் பகுதிகள் அவர்களுடைய பழைய பேட்டை.

மாநில வாரியான கணக்கைவிட ஊர்வாரியான கணக்குதான் சுவாரசியமானது. தோதோனிகாபான் பகுதிக்காரர்கள் டெக்சஸின் ஹூஸ்டனில் இருக்கிறார்கள். சான் மிகேல் அகதானிலிருந்து வந்தவர்கள் ஃபுளோரிடாவின் இந்தியன்டவுனில். ஹகால்தெனாங்கோக்காரர்கள் அதே மாநிலத்தின் ஜூபிடரில். சாந்தா யூலாலியாவிலிருந்து வந்தவர்கள் நெப்ராஸ்காவின் ஓமாஹாவில். தோதோஸ் சாந்தோஸ் மலையூரின் மாம் மொழி பேசும் மக்கள் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில். ஒருவர் வந்து வேலை பிடித்ததும் தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஊரே பின்னால் வந்து சேர்ந்தது.

எல்லோரும் ஸ்பானிஷ் பேசுபவர்கள்தானே?

இல்லை. ஸ்பானியர் வருமுன்பே அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளான மாயா மக்களின் மொழிகளில் 22 குவாத்தமாலாவில் அங்கீகாரம் பெற்றவை. அவை போக கரிஃபுனா, ஷின்கா ஆகிய இரண்டும் உண்டு. கிச்சே, மாம், கெக்சி, கக்சிக்கேல் ஆகியவை லட்சக்கணக்கானோரின் தாய்மொழிகள். கிச்சே பேசுபவரும் மாம் பேசுபவரும் சந்தித்தால் ஸ்பானிஷில்தான் பேசிக்கொள்ள வேண்டும், அதுவும் இருவருக்கும் ஸ்பானிஷ் தெரிந்திருந்தால்.

மாயா அடையாளம் இல்லாத, ஸ்பானிஷையே வீட்டுமொழியாகக் கொண்டவர்களை அங்கே லடினோ என்கிறார்கள். 1960களிலும் 70களிலும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு முதலில் வந்தவர்களில் நகர்ப்புற லடினோக்கள் கணிசம். மாயா மக்கள் பெருமளவில் வந்தது 1980களில். அமெரிக்க அலுவலகங்களோ இரு தரப்பையும் 'ஹிஸ்பானிக்' என்ற ஒரே கட்டத்தில் போட்டு, எதிரே ஸ்பானிஷ் தெரிந்த ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தன. இந்தச் சமூகத்துக்கு அமெரிக்காவில் நேர்ந்த பல சங்கடங்களுக்கு வேர் அந்தக் கட்டம்தான் என்பது என் கருத்து. காரணம் கீழே வருகிறது.

ஊரைவிட்டு ஏன் கிளம்பினார்கள்?

கதையைக் காப்பியிலிருந்து தொடங்க வேண்டும். 1870களில் ஹுஸ்தோ ருஃபினோ பாரியோஸின் ஆட்சி, காப்பிப் பயிருக்காக மாயா ஊர்களின் பொதுநிலங்களைத் தனியார் கைக்கு மாற்றியது. தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும்படி ஊர்களைக் கட்டாயப்படுத்தவும் செய்தது. முன்பணம் கொடுத்துக் கடனில் மாட்டி, மலையிலிருந்து பசிபிக் சரிவுத் தோட்டங்களுக்கு ஆள் இறக்கும் தரகர்கள் பெருகினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் கங்காணி முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பருவத்துக்குப் பருவம் கூலிக்காக வெளியூர் போவது அப்படித்தான் மாயா குடும்பங்களுக்குப் பழகிப்போனது.

1944 புரட்சிக்குப் பிறகு கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. 1952இல் ஹகோபோ ஆர்பென்ஸ் அரசு பெரும் பண்ணைகளின் தரிசு நிலத்தை எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்தது. யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியின் நிலமும் அதில் போனது. 1954 ஜூனில் சிஐஏ ஏற்பாடு செய்த கலகத்தில் ஆர்பென்ஸ் பதவி இழந்தார். நிலச்சீர்திருத்தம் திருப்பி எடுக்கப்பட்டது. 1960இல் அரசுக்கும் இடதுசாரிக் கெரில்லாக்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. 1996 டிசம்பர் 29 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை 36 ஆண்டுகள் நீடித்தது.

இடையில் 1976 பிப்ரவரி 4 அன்று வந்த நிலநடுக்கம் சுமார் 23,000 உயிர்களைக் கொண்டுபோனது. ஆனால் மாயா மக்களை மொத்தமாகப் பெயர்த்தெடுத்தது 1981 முதல் 1983 வரையிலான ராணுவ நடவடிக்கை. கெரில்லாக்களுக்குச் சோறு போடும் ஊர்களையே அழித்துவிட்டால் கெரில்லாக்கள் தானாக ஒழிவார்கள் என்பது ராணுவத்தின் கணக்கு. 1982 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் ரியோஸ் மோந்த் காலத்தில் அது உச்சத்தைத் தொட்டது. ஐ.நா. ஆதரவுடன் அமைந்த உண்மை ஆணையம் 1999இல் வெளியிட்ட முடிவு இது: கொல்லப்பட்டோரும் காணாமல் ஆக்கப்பட்டோரும் 2 லட்சத்துக்கும் மேல். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள். மீறல்களில் 93 சதவீதத்துக்கு அரசுத் தரப்பே பொறுப்பு. சில பகுதிகளில் நடந்தது இனப்படுகொலை என்றும் ஆணையம் எழுதியது.

போர் முடிந்ததும் வரவு நின்றுவிடவில்லை, கூடியது. 1998இல் மிட்ச் புயல், 2000த்தை ஒட்டிக் காப்பி விலைச் சரிவு, 2005இல் ஸ்டான் புயல், 2012 வாக்கில் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய், நகரங்களில் மாமூல் கேட்டு மிரட்டும் கும்பல்கள் என்று கிளம்புவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

1980களில் வந்தவர்களை அமெரிக்கா அகதிகளாக ஏற்றுக்கொண்டதா?

கிட்டத்தட்ட இல்லை. குவாத்தமாலா ராணுவ அரசு அமெரிக்காவின் கம்யூனிச எதிர்ப்புக் கூட்டாளி. அங்கிருந்து தப்பி வருபவரை அகதி என்று ஒப்புக்கொண்டால், கூட்டாளி கொலைகாரன் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ரியோஸ் மோந்த்மேல் வீண்பழி சுமத்துகிறார்கள் என்ற பொருளில் ஜனாதிபதி ரீகன் 1982 டிசம்பரில் பேசினார். அதே வாரத்தில் தோஸ் எர்ரெஸ் என்ற கிராமத்தில் குவாத்தமாலா ராணுவத்தின் சிறப்புப் படை 200 பேருக்கு மேல் கொன்றது. 1984இல் குவாத்தமாலா மக்களின் தஞ்ச விண்ணப்பங்களில் ஏற்கப்பட்டவை 3 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சப்பேர் 'பிழைப்புத் தேடி வந்தவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டார்கள்.

அரசு கதவை அடைத்தபோது தேவாலயங்கள் திறந்தன. 1982 மார்ச் 24 அன்று அரிசோனாவின் டூசான் நகரில் பாதிரியார் ஜான் ஃபைஃப் தம்முடைய தேவாலயத்தை அகதிகளுக்குப் புகலிடமாகப் பகிரங்கமாக அறிவித்தார். நூற்றுக்கணக்கான தேவாலயங்களும் யூத ஆலயங்களும் தொடர்ந்தன. அரசு வழக்குப் போட்டு 1986இல் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் ஆக்கியது. ஒருவரையும் சிறைக்கு அனுப்ப முடியவில்லை. தேவாலயங்கள் திருப்பிப் போட்ட வழக்கு 1991இல் சமரசத்தில் முடிந்தது. சால்வடோர், குவாத்தமாலா அகதிகளின் பழைய விண்ணப்பங்களைப் புதிதாக விசாரிக்க அரசு ஒப்புக்கொண்டது. 1997இல் வந்த இன்னொரு சட்டம் அவர்களில் பலருக்கு நிரந்தர வசிப்புரிமைக்கான வழியைத் திறந்தது. கியூபா, நிகராகுவா மக்களுக்கு நேரடியாகக் கொடுத்ததை இவர்களுக்குச் சுற்றிவளைத்துக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாட்டில் போரோ பேரிடரோ இருந்தால் அமெரிக்கா தரும் 'தற்காலிகப் பாதுகாப்பு நிலை' சால்வடோருக்கும் ஹோண்டுராஸுக்கும் கிடைத்திருக்கிறது. குவாத்தமாலா அரசு கேட்டும் அந்நாட்டு மக்களுக்கு அது கிடைக்கவே இல்லை.

தப்பியவர்கள் அனைவரும் அமெரிக்காவுக்கா போனார்கள்?

இல்லை. எல்லையைத் தாண்டி மெக்சிகோவின் சியாபாஸ் முகாம்களில் பதிவு பெற்றவர்கள் மட்டும் சுமார் 46,000 பேர். 1984இல் அவர்களில் ஒரு பகுதியினர் கம்பேச்சே, கிந்தானா ரோ மாநிலங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 1993 ஜனவரி 20 முதல் கூட்டம் கூட்டமாக நாடு திரும்பினார்கள். பல ஆயிரம் பேர் மெக்சிகோவிலேயே குடிமக்கள் ஆனார்கள். 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்தா மென்சூவும் 1981இல் மெக்சிகோவில் தஞ்சம் புகுந்தவர்தான்.

இந்தியன்டவுன் ஏன் அடிக்கடி பேசப்படுகிறது?

மாயா மக்கள் அமெரிக்காவில் ஒரு சமூகமாக முதலில் வெளியே தெரிந்த இடங்களில் ஒன்று அது. ஃபுளோரிடாவில் ஓகீசோபி ஏரிக்குக் கிழக்கே இருக்கும் சிற்றூர். சுற்றிலும் ஆரஞ்சுத் தோட்டம், காய்கறி வயல். சான் மிகேல் அகதான் வட்டாரத்தில் கன்ஹோபால் என்ற மாயா இனத்தவர் வாழ்ந்த கோயா கிராமத்தில் 1981 ஜூலையில் ராணுவம் படுகொலை நடத்தியது. தப்பியவர்களில் சிலர் அரிசோனாவின் பழத்தோட்டங்களில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஒரு கங்காணி அவர்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு ஃபுளோரிடாவுக்கு வர, பின்னால் மற்றவர்கள் வந்தார்கள்.

வந்த சில ஆண்டுகளிலேயே செப்டம்பர் 29 அன்று தூய மிக்கேல் திருவிழாவை மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியம் வாசித்து, ஊர் நெசவு உடுத்திக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். மாயா எழுத்தாளர் ஹெரோனிமோ கம்போசேகோ போன்றோர் அங்கே அகதிகள் சங்கம் அமைக்க உழைத்தார்கள். தஞ்ச வழக்குகளில் வக்கீல்களுக்கு மொழிபெயர்த்ததும், ஊரில் நடந்ததைப் பதிவுசெய்ததும் அத்தகைய சங்கங்கள்தான். லேக் வொர்த் நகரின் குவாத்தமாலா மாயா மையம் 1992இலிருந்து இன்றுவரை தாய்சேய் நலம், குழந்தைகள் கல்வி என்று அந்த வேலையைத் தொடர்கிறது. ஜூபிடர் நகரில் கூலிக்காரர்கள் தெருவோரம் காத்து நின்றது பெரும் சச்சரவானபோது, துரத்துவதற்குப் பதிலாக 2006இல் 'எல் சோல்' என்ற வேலை மையம் திறக்கப்பட்டது. ஊர்ச்சண்டை இப்படி முடிவது அபூர்வம்.

இன்னொன்றும் உண்டு. தோஸ் எர்ரெஸ் படுகொலையில் பங்கேற்ற முன்னாள் சிப்பாய் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து இதே ஃபுளோரிடாவில் சமையல்காரராக வாழ்ந்தது தெரியவந்து, 2010இல் கைதானார். குடியுரிமை விண்ணப்பத்தில் பொய் சொன்னதற்காகப் பத்தாண்டுச் சிறை. அதே கிராமத்திலிருந்து மூன்று வயதுக் குழந்தையாக ராணுவ அதிகாரி ஒருவரால் தூக்கிச் செல்லப்பட்டவர், வளர்ந்து மாசசூசெட்ஸில் பிழைத்துக்கொண்டிருந்தார். தாம் யார் என்பது மரபணுச் சோதனைக்குப் பிறகு 2011இல்தான் அவருக்குத் தெரிந்தது.

ஹூஸ்டன் கதை என்ன?

1978இல் சான் கிறிஸ்தோபால் தோதோனிகாபானிலிருந்து வந்த ஒரு நெசவாளர் ராண்டல்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட்டில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். கடைக்கு இன்னும் ஆள் தேவைப்பட்டபோது ஊரிலிருந்து உறவினர்களை அழைத்தார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தக் கடைகளில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். புதிதாக வருபவருக்குத் தங்க இடம், வேலை, ஞாயிறு கால்பந்துக் குழு எல்லாம் தயாராக இருந்தன.

1986இல் அமெரிக்கா பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1982க்கு முன்பிருந்தே நாட்டில் இருப்பவர்கள் அதை நிரூபித்தால் ஆவணம் பெறலாம். கடையில் வேலை செய்த ஆண்களுக்கு முதலாளியின் கடிதம் எளிதாகக் கிடைத்தது. விவரம் தெரிந்த சகாக்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். பெண்களில் பலர் வசதியான வீடுகளில் தங்கி வேலை செய்தவர்கள். ஊர்க்காரர்களை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க முடியும். எந்தப் படிவம், எந்த அலுவலகம் என்று சொல்ல ஆளில்லை. சம்பளம் கையில் கொடுக்கப்பட்டதால் சான்றும் இல்லை. ஆகவே ஒரே ஊரிலிருந்து வந்த கணவனுக்குக் காகிதம் கிடைத்து மனைவிக்குக் கிடைக்காமல் போனது. இந்த ஊர்ப்பாசத்தை ஆஹா ஓஹோ என்று புகழ்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

என்னென்ன தொழில்கள் செய்கிறார்கள்?

கட்டடம், தோட்டப் பராமரிப்பு, உணவகச் சமையலறை, வீட்டுவேலை, தையல், மீன் பதப்படுத்துதல், கோழி, மாட்டிறைச்சித் தொழிற்சாலைகள், வயல். சுருங்கச் சொன்னால், அமெரிக்கர்களின் சாப்பாட்டுத் தட்டுக்கு வருவதில் பெரும்பங்கு.

'உழைப்பாளிகள்' என்று பாராட்டி நிறுத்துவது எனக்கு உவப்பில்லை. அவர்கள் உழைப்பின் விதிகளையும் மாற்றியிருக்கிறார்கள். வட கரோலினாவின் மோர்கன்டன் நகரில் கேஸ் ஃபார்ம்ஸ் கோழித் தொழிற்சாலையில் அகுவாகதானிலிருந்து வந்த மாயா தொழிலாளர்கள் 1990களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கம் என்றாலே முகம்சுளிக்கும் அந்தத் தென்மாநிலத்தில் 1995இல் சங்கத்துக்கான வாக்கெடுப்பில் வென்றும் காட்டினார்கள். நிர்வாகம் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து அதை முறித்தது வேறு கதை.

ஃபுளோரிடாவின் இம்மோகலியில் 1993இல் தொடங்கிய தொழிலாளர் கூட்டணியில் மெக்சிகோ, ஹெய்ட்டி மக்களோடு குவாத்தமாலா மாயா மக்களும் சேர்ந்து நின்றார்கள். தக்காளி பறிப்பவர்களைத் துப்பாக்கி முனையில் கடனடிமைகளாக வைத்திருந்த கங்காணிகளை அந்தக் கூட்டணி அம்பலப்படுத்தியது. 1990களின் இறுதியில் ஒரு வழக்கில் கங்காணிக்குப் பதினைந்தாண்டுச் சிறை. ஒரு பவுண்டு தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடு என்று டாகோ பெல் உணவகங்களைப் புறக்கணித்து நான்கு ஆண்டுகள் போராடி 2005இல் வென்றார்கள். அந்த ஒரு சென்ட் பின்னர் மற்ற பெரிய உணவுக் கம்பெனிகளுக்கும் பரவியது.

குடிவரவுச் சோதனைகளில் கைதானவர்கள் பற்றிய செய்தி?

இரண்டு சோதனைகள் நினைவில் வைக்க வேண்டியவை. 2007 மார்ச் 6 அன்று மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு தோல்பொருள் தொழிற்சாலையில் 361 பேர் கைது. பெரும்பாலும் பெண்கள், கிச்சே பேசும் மாயா மக்கள் பலர். அவர்கள் தைத்துக்கொண்டிருந்தது அமெரிக்க ராணுவத்துக்கான முதுகுப்பைகள். 2008 மே 12 அன்று அயோவாவின் போஸ்ட்வில் இறைச்சித் தொழிற்சாலையில் 389 பேர் கைது. அவர்களில் பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள். கால்நடைக் கண்காட்சி மைதானத்தில் தற்காலிக நீதிமன்றம் போட்டு, பத்துப் பத்துப் பேராக நிறுத்தி, அடையாளத் திருட்டு வழக்குப் போடுவோம் என்று மிரட்டி, அதைவிடச் சிறிய குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்து சிறைக்கு அனுப்பினார்கள். அடையாளத் திருட்டுக் குற்றச்சாட்டை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அடுத்த மே மாதம் வேறொரு வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் இவர்கள் தண்டனையை அனுபவித்து முடித்திருந்தார்கள், பெரும்பாலோர் நாடுகடத்தப்பட்டிருந்தார்கள்.

மொழியால் அப்படி என்ன பெரிய சிக்கல் வந்துவிடும்?

போஸ்ட்வில் நீதிமன்றத்தில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளராக இருந்த எரிக் கமாய்த் ஃப்ரெக்ஸாஸ் பின்னர் எழுதிய கட்டுரை பெரும் பரபரப்பானது. கைதிகள் பலருக்கு, அமெரிக்காவில் வேலைக்குச் சேரக் கேட்கப்படும் 'சமூகப் பாதுகாப்பு எண்' என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று அவர் சாட்சி சொன்னார். அவர்களில் மாயா மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நிறைய. ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்து மட்டும் விழுந்தது.

2010இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வெஸ்ட்லேக் தெருவில் கத்தியோடு நின்ற ஒரு கூலித் தொழிலாளியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எச்சரித்தோம் என்றது போலீஸ். அவருடைய தாய்மொழி கிச்சே. 2018 டிசம்பரில் எல்லைக் காவலில் இருந்த ஏழு வயதுச் சிறுமி இறந்தபோது, அவளுக்கு நோயில்லை என்று அப்பா கையெழுத்திட்ட படிவம் ஆங்கிலத்தில் இருந்தது தெரியவந்தது. அதை அவருக்கு ஸ்பானிஷில் சொன்னார்கள்; அவர் கெக்சி பேசுபவர்.

இந்த இடத்தில்தான் இச்சமூகத்தின் பெரிய பங்களிப்பு ஒன்று வருகிறது. கலிஃபோர்னியாவின் நீதிமன்றங்கள், மருத்துவமனைகள், பள்ளிகளில் மாம், கிச்சே, கன்ஹோபால் மொழிபெயர்ப்பாளர்களாக இன்று வேலை செய்பவர்கள் பலர், ஒரு காலத்தில் சமையலறையிலும் கட்டட வேலையிலும் இருந்துகொண்டு மாலையில் பயிற்சி எடுத்தவர்கள். மொழிபெயர்ப்பும் சில சமயம் இரண்டு படிதான்: மாமிலிருந்து ஸ்பானிஷுக்கு ஒருவர், ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொருவர். 2018 வாக்கில் குடிவரவு நீதிமன்றங்களில் அதிகம் தேவைப்பட்ட முதல் பத்து மொழிகளுக்குள் மாம் வந்துவிட்டது. நியூ பெட்ஃபோர்டில் மத்திய நீதித்துறை தலையிட்ட பிறகு, பள்ளி நிர்வாகம் பெற்றோர்களிடம் கிச்சே மொழியிலும் பேச ஏற்பாடு செய்ய ஒப்புக்கொண்டது.

பிரபலமானவர்கள் யார்?

நடிகர் ஆஸ்கர் ஐசக், குவாத்தமாலா நகரில் பிறந்தவர். மொழி கற்பிக்கும் செயலியான டுயோலிங்கோவைத் தொடங்கிய லூயிஸ் வான் ஆனும் அங்கே பிறந்தவர்தான். இணையத்தில் 'நான் ரோபோ அல்ல' என்று நிரூபிக்கும் கோணலெழுத்துச் சோதனைகளுக்குப் பின்னாலும் அவர் இருக்கிறார். ஆங்கிலத் தேர்வெழுதக் குவாத்தமாலாவில் இடம் கிடைக்காமல் எல் சால்வடோர் போய் எழுதிய அனுபவம்தான் மலிவான மொழித்தேர்வு பற்றி யோசிக்க வைத்தது என்று சொல்லியிருக்கிறார். எழுத்தாளர் ஹெக்டர் தோபார் குவாத்தமாலாப் பெற்றோருக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். 1992 கலவரச் செய்திகளுக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் குழுவில் இருந்தவர்.

நார்மா தோரெஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாக. எஸ்குயின்த்லாவில் பிறந்து, ஐந்து வயதில் அமெரிக்கா வந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் 911 அவசர அழைப்பு எடுக்கும் பணியில் இருந்தார். ஸ்பானிஷ் தெரிந்தவருக்காக இருபது நிமிடம் காத்திருந்த ஒரு அழைப்பை அவர் எடுத்தபோது, மறுமுனையில் ஒரு சிறுமி சுடப்படுவதைக் கேட்க நேர்ந்தது. அதன்பின் இருமொழி தெரிந்த ஆட்களை நியமிக்கப் போராடி, அப்படியே அரசியலுக்கு வந்தார். பொமோனா மேயர், மாநில சட்டமன்றம், 2015 முதல் அமெரிக்க நாடாளுமன்றம்.

இராக் போரில் 2003 மார்ச் 21 அன்று இறந்த ஹோசே அந்தோனியோ குத்தியெரெஸ், அப்போரில் முதலில் உயிரிழந்த அமெரிக்க வீரர்களுள் ஒருவர். குவாத்தமாலா நகரத் தெருக்களில் அநாதையாக வளர்ந்து, ஆவணமின்றி அமெரிக்கா வந்த சிறுவர் அவர். குடியுரிமை அவருக்கு இறந்த பிறகுதான் வந்தது.

சாப்பாடு?

வெஸ்ட்லேக்கில் ஆறாவது தெருவும் பானி பிரே தெருவும் சந்திக்கும் முனைக்கு மாலையில் போனால் போதும். வறுத்த எள்ளும் பூசணி விதையும் அரைத்த பெபியான் குழம்பு, வாழையிலையில் கட்டி அவித்த தமால், சோளக் கஞ்சி எல்லாம் நடைபாதையிலேயே கிடைக்கும். குவாத்தமாலாவில் சனிக்கிழமை தமால் விற்கும் வீட்டு வாசலில் சிவப்பு விளக்கு எரியும்.

பொயோ கம்பெரோ என்ற பொரித்த கோழிக் கடை குவாத்தமாலாவில் 1971இல் தொடங்கியது. ஊருக்குப் போய்வருபவர்கள் விமானத்தில் கோழிப் பெட்டியோடு திரும்புவதைக் கவனித்த கம்பெனி, 2002இல் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே கடை திறந்தது.

ஊருக்கு எவ்வளவு பணம் அனுப்புகிறார்கள்?

2023இல் குவாத்தமாலாவுக்கு வந்து சேர்ந்தது சுமார் 1,980 கோடி டாலர். பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மலையூர்களில் மூன்று மாடி, நீலக் கண்ணாடி, சுவரில் அமெரிக்கக் கொடி என்று எழும்பியிருக்கும் வீடுகள் பலவற்றில் ஆள் கிடையாது. கட்டியவர் இன்னும் ஹூஸ்டனிலோ ஓமாஹாவிலோ இருக்கிறார். இத்தனை பணம் வருவதால் பள்ளி, மருத்துவமனை கட்டும் பொறுப்பிலிருந்து குவாத்தமாலா அரசு நழுவிக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே.

தத்துப்பிள்ளைகளையும் இச்சமூகத்தில் சேர்க்கலாமா?

சேர்க்கத்தான் வேண்டும். 2007 இறுதியில் சட்டம் இறுக்கப்படும்வரை சுமார் 30,000 குவாத்தமாலாக் குழந்தைகள் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப் போனார்கள். பணத்துக்காகக் குழந்தைகளைத் திருடியதும் பொய்ச் சான்று தயாரித்ததும் வெளிவந்தன. வளர்ந்துவிட்ட அப்பிள்ளைகள் பலர் இப்போது பெற்ற தாயைத் தேடுகிறார்கள்.

குவாத்தமாலா தேர்தலில் இவர்கள் வாக்களிக்க முடியுமா?

2019இலிருந்து முடியும். முதன்முறை லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், ஹூஸ்டன், சில்வர் ஸ்பிரிங் ஆகிய நான்கு இடங்களில் மட்டும் சாவடி. 2023இல் இடங்கள் கூடின. ஆனால் ஜனாதிபதி, துணை ஜனாதிபதி பதவிகளுக்கு மட்டுமே வாக்கு. நாடாளுமன்றத்தில் இவர்களுக்கென ஒரு இடம்கூட இல்லை. வாக்களித்தவர்கள் தொகையும் மிகச் சிறியது. நாட்டு வருமானத்தில் ஐந்திலொரு பங்கு அனுப்புபவர்களுக்கு இது அநியாயம் என்று சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. 2023இல் வென்ற பெர்னார்தோ அரேவலோ பதவியேற்பதைத் தடுக்க அரசு வழக்கறிஞர் தரப்பு முயன்றபோது, தோதோனிகாபானின் 48 கந்தோன்கள் எனப்படும் மாயா ஊர்ச்சபை அக்டோபர் 2 முதல் நெடுஞ்சாலைகளை மறித்தது. அமெரிக்க நகரங்களிலும் குவாத்தமாலா தூதரகங்கள் முன் ஊர்க்காரர்கள் கூடினார்கள். அரேவலோ 2024 ஜனவரியில் பதவியேற்றார்.